சுகந்திக்கு, வெள்ளவத்தையிலிருந்து

அன்புள்ள சுகந்திக்கு,

பதில் எழுத ஒரு மாதம் தாமதித்துவிட்டேன், கோபிக்காதே. பேரனுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு.

போன மாதம் 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது, கழுத்திலிருந்து நெற்றி வரை அடுப்பு மூட்டியதுபோல் சூடு ஏறியது. சேலைத் தலைப்பால் விசிறினேன். பக்கத்திலிருந்த சிங்களப் பெண் ஒன்றும் பேசாமல் கைப்பையிலிருந்து ஒரு மடக்கு விசிறியை எடுத்து நீட்டினாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும்!

அந்தச் சூட்டைச் சொல்லத்தான் பெண்களுக்கான சுவநாரி கிளினிக்குக்குப் போனேன். பிரஷர் பார்த்தார்கள்: 152க்கு 94. எனக்கா? மற்றக் கையிலும் பார்க்கச் சொன்னேன். 150. ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு கட்ட முடியாது என்று ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் அளக்க விட்டார்கள். குறையவில்லை. இப்போது மாத்திரை எடுக்கிறேன்.

டொக்டர் சொன்னது இதுதான். இரத்தக் குழாயின் உட்சுவர் நைத்திரிக் ஒக்சைட் என்ற வாயுவைச் சுரந்து குழாயை இளக்கி வைக்கிறது. அதற்கு ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் துணை நிற்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது குறைய, குழாய் விறைக்கத் தொடங்குகிறது. கெட்ட கொலஸ்டரோலும் ஏறுகிறது. எனக்கு உடனே காஸ் சிலிண்டரின் பழைய றப்பர் குழாய்தான் ஞாபகம் வந்தது. அம்மாவும். மாதவிடாய் நின்றபோது "சனியன் தொலைந்தது" என்று தலைமுழுகினாள். 57 வயதில் பக்கவாதம். இரண்டையும் நாங்கள் யாரும் சேர்த்து யோசிக்கவேயில்லை.

நீ கேட்ட ஹோர்மோன் மாத்திரையைப் பற்றியும் விசாரித்தேன். 2002இல் அமெரிக்காவில் அந்த மாத்திரையைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வை இடையில் நிறுத்தியதிலிருந்துதான் எல்லோருக்கும் அதில் பயம். ஆனால் அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பல வருடம் ஆகியிருந்தது. 60 வயதுக்கு முன், நின்று பத்து வருடத்துக்குள், சூட்டின் தொல்லைக்காக ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இதயத்தைக் காக்கவென்று மட்டும் கொடுப்பதில்லை. எனக்கு இந்தப் பிரஷர் அடங்கட்டும் என்றுவிட்டார்.

இன்னொன்று. பெண்களுக்கு மாரடைப்பு எப்போதுமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும் என்றில்லையாம். தாடை வலி, குமட்டல், மூச்சு வாங்குதல், காரணமில்லாத களைப்பு என்றும் வரும். நாம் வாய்வு என்று இஞ்சிச் சாறு குடிப்போம்.

உன் வீட்டு லாச்சியில் ஒரு பிரஷர் கருவி கிடக்கிறது, எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக அவருடைய கையில் மட்டும்தான் சுற்றுகிறாய். பற்றறி மாற்றி, உன் கையிலும் சுற்றி, எண்ணை எழுதி அனுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் நீ கேட்ட மாசிச் சம்பல் போத்தல் வரும்.

அன்புடன்,
வசந்தி