யாழினியின் ஆஃபர் லெட்டர்

பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

மாலு,

நீ வரிசையாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். போனில் பேசினால் நடுவில் புகுந்து அழுவாய், அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. இவர் வழக்கம்போல.

சரி, விஷயம். ஐடி கம்பெனி ஆஃபர் வந்தும் உன் மகள் யாழினி சேரத் தயங்குகிறாள். "கிடைத்த வேலையை விடாதே" என்று அவளுக்கு நான் புத்தி சொல்ல வேண்டும், அதுதானே? சொல்ல மாட்டேன் போ.

போன வாரம் எங்கள் காலேஜில் ஃபைனல் இயர் பிள்ளைகளுக்கு மாக் இன்டர்வியூ, அதாவது இன்டர்வியூ ஒத்திகை. வேலையில் என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்டேன். சம்பளத்தைத்தான் சொல்வார்கள் என்று நினைத்தால், அல்சூர்ப் பையன் ஒருவன் "ஜாயினிங் தேதி, மேடம்" என்றான். அவன் அக்காவுக்கு ஆஃபர் வந்து மாதக்கணக்காகியும் அழைப்பு வரவில்லையாம். இன்னொருத்தி, "புதுசாகச் சேர்கிறவங்களுக்குத் தர்ற கோடிங், டெஸ்டிங் எல்லாம் ஏஐ பண்ணிட்டா, நாங்க எதைச் செஞ்சு வேலை கத்துக்கறது?" என்று கேட்டாள். பேனல் முழுக்க மேஜையைப் பார்த்தது.

உன் மகளுக்குத் திமிர் என்கிறாய். அவள் கணக்குப் போடுகிறாள் டீ. வருஷத்துக்கு மூன்றரை லட்சம் சிடிசி, அதாவது அவளுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, என்றதும் மாசம் முப்பதாயிரம் என்று நீ தெருவெல்லாம் சொல்லியாயிற்று. அதற்குள் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வந்தால்தான் உண்டு என்கிற வேரியபிள் பே எல்லாம் அடக்கம். மாசம் கைக்கு இருபத்தைந்தாயிரம் வந்தாலே அதிகம். அதில் தங்குகிற பிஜி வாடகை, பஸ், மதியச் சாப்பாடு. 2010 வாக்கிலும் பெரிய ஐடி கம்பெனிகளில் புதியவர்களுக்கு மூன்று லட்சத்தை ஒட்டித்தான் கொடுத்தார்கள். அன்றைக்கு இங்கே மசால் தோசை என்ன விலை, இன்றைக்கு என்ன விலை?

அதைவிட எனக்கு உறுத்துவது அந்த பாண்ட். இரண்டு வருஷத்துக்குள் விலகினால் பணம் கட்டணும் என்று இருக்கிறதாமே. "கோர்ட்டில் நிற்காது" என்று உன் அண்ணன் சொன்னாராம். நாம் இரண்டு பேரும் அரியர் வைப்போம் என்று ஜோசியம் சொன்ன மனுஷன்தானே அவர்! 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்க ஆகும் செலவு, அந்த அதிகாரியின் பதவி, சம்பளம் எல்லாவற்றையும் பார்த்துச் சொன்னது. எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தாது. அதற்காக, நிற்காது என்று நம்பிக் கையெழுத்துப் போட முடியுமா?

கோபித்துக்கொள்ளாதே. லோன் தவணையை நினைத்து உனக்குத் தூக்கம் வரவில்லை, அதை அவள் தலையில் இறக்குகிறாய். கல்விக் கடனுக்குப் பெரும்பாலும் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம், வட்டி மட்டும் ஏறும். உன் பேங்கில் எப்படி என்று நாளைக்கே போய்க் கேள். அந்த ஒரு வருஷம் இருந்தால், அவள் பயந்துபோய் எதற்கும் தலையாட்ட வேண்டியதில்லை. எல்லாம் பார்த்துவிட்டு இதே வேலைக்கு வருகிறேன் என்றால் வரட்டும், முதல் மாதம் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளட்டும்.

லெட்டரில் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறாய். லோகோவையும் வாழ்த்தையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மீதிப் பக்கங்களையும் அனுப்பு. அப்புறம் யாழினியைப் பேசச் சொல். நீ பக்கத்தில் உட்காரக் கூடாது.

கௌரி