எங்களைத் தடுத்து நிறுத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். நங்கநல்லூரில் நாங்கள் வாங்கிய வீட்டில் கடந்த தை மாதம் பால் காய்ச்சியபோது, வந்திருந்த ஒவ்வொருவருக்கும் தாம்பூலப் பையோடு ஒரு வார்த்தை நன்றியும் சொல்லி அனுப்பினோம். அன்றைய கூட்டத்திலும் ஹோமப் புகையிலும் சரியாகச் சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுத்தில் சொல்கிறோம். பணமாகவும் உழைப்பாகவும் கைகொடுத்தவர்கள் பலர். ஆனால் கடந்த ஒன்றரை ஆண்டுகளை நினைத்துப் பார்க்கும்போது, "பொறுங்கள், அவசரப்படாதீர்கள்" என்று எங்களைத் தடுத்து நிறுத்தியவர்களுக்குத்தான் நாங்கள் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். தடுத்த அந்த நேரத்தில் அவர்களில் சிலர்மேல் எங்களுக்குக் கோபம் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

முதலில் வழக்கறிஞர் ஐயாவுக்கு. 1989ஆம் ஆண்டு கட்டப்பட்ட, ஆறே வீடுகள் கொண்ட சிறிய அடுக்குமாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு இது. விலை 62 லட்சம் என்று பேசி முடித்த அன்று மாலையே முன்பணத்தைக் கொடுத்துவிடும்படி தரகர் நெருக்கினார். வேறு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்றார். (நாங்கள் பார்த்த எல்லா வீட்டுக்கும் அந்த இரண்டு பேர் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.) பதிவுத்துறை இணையதளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றை நாங்களே எடுத்துப் பார்த்து, வில்லங்கம் ஏதும் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். ஐயா அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு, "பத்திரத்தில் பெயர் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார். அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும் என்பதும், ஒருவர் இறந்த பிறகு அவருடைய சொத்தில் யார் யாருக்குப் பங்கு வந்தது என்பது அதில் தெரியாது என்பதும் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால் மனைவி, மகன், வெளிநாட்டில் வசிக்கும் மகள் என்று மூன்று பெயர்கள். எங்களோடு விலை பேசியவர்களோ இருவர். மகள் நேரில் வந்து தம் பங்கைத் தாயாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்று ஐயா சொல்லிவிட்டார். நான்கு மாதங்கள் கழிந்தன. தரகர் எங்களோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

அந்த நான்கு மாதங்களும் எங்களுக்காகக் காத்திருந்த வீட்டுக்கார அம்மாவுக்கும், இதற்காகவே தம் பயணத்தை முன்னதாக வைத்துக்கொண்ட அவர் மகளுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதிக விலைக்குக் கேட்டு வந்தவர்களிடம் "அந்தப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதுவும் எங்களுக்குப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும். பத்திரத்தில் ஆலந்தூர் நகராட்சி என்று இருந்தது. 2011இல் அந்த நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்ததால், வங்கியின் வழக்கறிஞர் இரண்டு காலத்துச் சொத்துவரி ரசீதுகளையும் கேட்டார். அம்மா பரண்மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவை இறக்கச் சொன்னார். உள்ளே அரையாண்டுக்கு ஒன்றாக, ஒன்றுகூடக் குறையாமல், நூலால் கட்டிய ரசீதுகள். காலமானவரின் கையெழுத்தில் ஒவ்வொன்றின் பின்புறமும் கட்டிய தேதி குறிக்கப்பட்டிருந்தது. பத்திரப்பதிவு அன்று எல்லா ஆவணங்களையும் எங்களிடம் ஒப்படைத்த அம்மா, அந்த டப்பாவை மட்டும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பண விஷயத்தை அதிகம் நீட்டவில்லை. வீட்டின் விலையில் 80 விழுக்காடுதான் வங்கி கடனாகக் கொடுக்கும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காட்டை அந்தக் கடனில் சேர்க்க முடியாது என்பதால், 5,58,000 ரூபாயைத் தனியாகத் திரட்ட வேண்டியிருந்தது. தம் நகையை அடகு வைத்து அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிய அக்காவுக்கும் அத்தானுக்கும் எங்கள் வணக்கம். வீட்டு வேலைக்காகத் தனிநபர் கடன் வாங்கப் புறப்பட்ட எங்களைத் திட்டி உட்கார வைத்ததும் அதே அக்காதான். 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டை வாங்குபவர்தான் 1 விழுக்காடு வருமான வரியைப் பிடித்தம் செய்து, விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும் என்பதைக் கடைசி நேரத்தில் நினைவூட்டிய அலுவலக நண்பருக்கும் நன்றி.

இனி மேஸ்திரி அண்ணன். முதலில் வேலையை ஏற்ற ஒப்பந்தக்காரர் நாற்பதாயிரம் முன்பணம் வாங்கி, குளியலறை ஓடுகளை உடைத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் முதல் போனை எடுக்கவில்லை. அவர் பெயர் இங்கு வேண்டாம். எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் தமக்குத் தெரிந்த மேஸ்திரியை மறுநாள் காலையிலேயே அழைத்துவந்தார். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே உள்ள சுவரை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. மேஸ்திரி கதவு நிலையருகே டேப்பை வைத்து அளந்தார். ஒன்பது அங்குலச் சுவர், மேலே பீம் கிடையாது. "இது சும்மா மறைப்புக்கு நிக்கிற சுவரு இல்ல சார். தளத்தையே சுமக்குது" என்றார். நாங்கள் நம்பவில்லை என்று கண்டு, கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து அவர் வாயாலும் சொல்ல வைத்தார். இப்போது அந்தச் சுவரில் மேல்சுமையைத் தாங்கும் லிண்டல் போட்டு மூன்றடி அகலத்துக்கு ஒரு திறப்பு மட்டும் இருக்கிறது. அதன் வழியே காபி டம்ளர்கள் கூடத்துக்கு வருகின்றன.

சமையலறைக் கூரையில் இருந்த ஓதக் கறை எங்களை அதைவிட அதிகமாக அலைக்கழித்தது. கடையில் விற்கும் நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்றை உள்பக்கமாகப் பூசிவிட்டால் போதும் என்று நாங்கள் நினைத்தோம். தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிக்காமல் கீழே பூசினால் காசுதான் கரையும் என்று சொல்லி, மேஸ்திரி மொட்டைமாடியில் செங்கல்லால் சிறு வரப்புக் கட்டி, ஒவ்வொரு பகுதியாகத் தண்ணீரைத் தேக்கிப் பார்த்தார். இரண்டு நாள் நடுப்பகுதியில் தேக்கியும் கீழே ஒரு துளி இல்லை. மூன்றாம் நாள், கைப்பிடிச் சுவரின் மூலையில் மழைநீர்க் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் முளைத்திருந்த அரசங்கன்றைச் சித்தாள் அக்கா பிடுங்க முயன்றார். இரண்டு இலைச் செடி அது, வரவில்லை. "இது உள்ள போயிருக்குண்ணே" என்றார். அங்கிருந்த தட்டோடுகளைப் பெயர்த்துப் பார்த்தபோது, முழங்கை நீள வேர் குழாயின் பூச்சைப் பிளந்துகொண்டு தளத்துக்குள் இறங்கியிருந்தது. அந்த மூலையில் தண்ணீர் தேக்கிய ஒரு மணி நேரத்தில் சமையலறையில் சொட்டியது. எங்களோடு கூரையை வந்து பார்த்தவர்களில் படித்தவர்கள் நான்கு பேர் உண்டு. கண்டுபிடித்தவர் அந்த அக்காதான். அவருக்குச் சம்பளக் கணக்கில் சேராத எங்கள் தனி நன்றி.

மொட்டைமாடி பொது இடம் என்று உடனே ஒப்புக்கொண்டு, பழுதுபார்த்த செலவை ஆறு வீட்டுக்கும் சமமாகப் பிரித்துக்கொண்ட குடியிருப்போருக்கு நன்றி. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்த பிறகுதான் பெயிண்ட் என்று மேஸ்திரி பிடிவாதமாக நின்றதால் குடிபுகும் நாள் தள்ளிப்போனது. அந்த இரண்டு மாத வாடகையை எண்ணி நாங்கள் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கும், பொறுத்தருள வேண்டும். தரைத்தள மாமி, 2015 டிசம்பர் வெள்ளம் தம் வீட்டுச் சுவரில் விட்டுச்சென்ற கோட்டைக் காட்டி, தண்ணீர் மோட்டாரின் மேடையை அதற்கு மேல் உயர்த்தாமல் புது மோட்டார் வாங்கக் கூடாது என்றார். மேடை இப்போது கோட்டுக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது.

முதல் மாடி ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு மாத இடிப்புச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, மதியம் இரண்டு முதல் நான்கு வரை மட்டும் நிறுத்தச் சொன்ன தாங்கள், முதல் வாரத்தில் கொடுத்த அலுமினிய ஏணி இன்னும் எங்கள் பால்கனியில்தான் இருக்கிறது. அதன் மூன்றாம் படியில் விழுந்த பெயிண்ட் கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுவந்து கொடுக்கிறோம். தங்கள் வீட்டு அம்மாவும் தாங்களும் அன்று எங்கள் வீட்டில்தான் காபி சாப்பிட வேண்டும்.

நன்றியுடன்,
இரண்டாம் மாடி வீட்டார்,
நங்கநல்லூர், சென்னை – 61.