‘புறவு’ கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

வாசகர் வட்டத்தில் நான் படித்த ‘புறவு’ கட்டுரைக்குக் கிடைத்த பாராட்டில் எனக்குரியது கொஞ்சம்தான். சங்கப் பாட்டில் வரும் ‘புறவு’ மரம் அடர்ந்த வனமல்ல, புல்லும் புதருமான திறந்த நிலம் என்பதே அதில் நான் சொன்னது. மிச்சத்தை உரியவர்களிடம் சேர்க்கவே இந்த மடல்.

தமிழாசிரியர் ஐயாவுக்கு முதல் நன்றி. முல்லைப்பாட்டில் ‘கான்யாறு தழீஇய அகனெடும் புறவில்’ பாசறை அமைக்கும் இடத்தை எடுத்துக் காட்டியவர் அவர். தூரத்திலேயே மணக்கும் பிடவம் என்ற புதர்ச்செடியையும் பசும்புதர்களையும் வெட்டி இடம் பண்ணுகிறார்கள்; முள்ளைக் கொண்டுவந்து சுற்றி வேலி போடுகிறார்கள். பெருமரம் சாய்த்த பேச்சே அங்கில்லை. “வெட்டினது என்னன்னு பாருங்க, நிலம் தெரிஞ்சிரும்” என்றார்.

ஆனால் அகராதி ‘புறவு’க்குக் ‘காடு’, ‘முல்லைநிலம்’ என்றல்லவா பொருள் தருகிறது? இந்த முடிச்சை அவிழ்த்தவர் காங்கயத்துப் பக்கம் மாடு மேய்க்கும் பெரியம்மா. “ஏனுங்க, மரம் அடஞ்சு கெடந்தாத்தான் காடா? சோளக்காடு, கொறங்காடுன்னு சொல்றமில்லீங்க?” கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கொன்று இங்கொன்றாக வெள்வேல மரம்: அவர் கையைப் பிடித்துக் காட்டிய கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் அதுதான். அகராதியின் ‘காடு’ என்ற சொல்லை அவர் காதால் கேட்டால் பாட்டும் அகராதியும் ஒத்துப்போகின்றன. கட்டுரையின் உயிர்நாடி இது, பெரியம்மாவுடையது.

ஓய்வுபெற்ற வனக்காவலர் அண்ணனுக்கும் நன்றி. அகநானூற்றின் முல்லைத்திணைப் பாட்டொன்றில் இரலை மானின் கொம்பை ‘இரும்பு திரித்தன்ன’ என்றதைப் படித்துக் காட்டியதும், “வல்லநாட்டு வெளிமான்தாங்க” என்றார். தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டுச் சரணாலயத்தில் இருக்கும் மான் அது: முறுக்கிய கொம்பு, புல்வெளியில் துள்ளி ஓடும் பிராணி. அடர்ந்த வனத்தில் அதற்கு என்ன வேலை?

சீர்காழிக்கும் ‘புறவம்’ என்று பெயருண்டே எனக் கேட்ட அன்பருக்கும் நன்றி. அது ‘புறவு’ என்றால் புறா என்ற இன்னொரு பொருளில், புறாக் கதையோடு வரும் பெயர் என்பதால் கட்டுரையில் சேர்க்கவில்லை.

சொல்லின் வேர் ‘புறம்’ என்றே கொள்கிறேன்: ஊருக்கும் உழுத வயலுக்கும் புறத்தே கிடந்த நிலம். வருவாய்த் துறையின் ‘மேய்ச்சல் புறம்போக்கு’ம் அதே ‘புறம்’தான் என்று நினைவூட்டிய கிராம உதவியாளர் தம்பிக்குத் தனி நன்றி. அந்தப் பெயரை வசவாக்கிவிட்டோமே என்ற ஆத்திரம் அவருக்கும் எனக்கும் பொது!

கட்டுரைப் படி ஒன்றை நூலகத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப்பக்கம் இத்தகைய நிலத்துக்கு வேறு பெயர் இருந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

நன்றியுடன்,
கட்டுரையாளன்