பெற்றோர் ஒட்டும் புராஜெக்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணக்கு என்றாலே காத தூரம் ஓடும் பிள்ளையிடம் ஒரு நூலும் கல்லும் கொடுத்துப் பாருங்கள். 1 மீட்டர் நூலில் தொங்கும் கல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 2 விநாடி ஆகும். நூலைக் கால் மீட்டராக்கினால் நேரம் பாதிதான் குறையும், ஏன் கால்வாசி ஆகவில்லை என்று அதுவே கேட்கும், அப்புறம்தான் வர்க்கமூலம் எதற்கென்று புரியும். கல்லின் எடையை மாற்றினாலும் நேரம் மாறாது என்றால் நம்பாது, சண்டைக்கே வரும். வரட்டுமே!

ஆனால் புராஜெக்ட் என்ற பெயரில் இப்போது வகுப்புக்கு வருவதெல்லாம் பெற்றோர் ராத்திரி கண்விழித்து ஒட்டிய தெர்மாகோல்தான். இதில் ஆர்வம் எங்கிருந்து வரும், அலுப்புதான் வரும். மாதிரி கோணலாக இருந்தாலும் சரி, பிள்ளை தானே அளந்து எழுதிய நோட்டுக்கு மதிப்பெண் போடுங்கள், விடை எங்கே பிசகியது என்று எழுதியிருந்தால் அதற்கும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்