பட்டியல் படிப்பது பிட் அடிப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்கும் வேர்டில் விளையாட்டைப் பற்றி, சென்ற இதழின் புதிர்ப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஐந்து எழுத்து, க்யூ இருக்க வேண்டும், யூ இருக்கக் கூடாது' என்றெல்லாம் தேடி ஆங்கிலச் சொற்பட்டியல் எடுப்பவர்களைப் பரீட்சையில் பிட் அடிப்பவர்களோடு சேர்த்துவிட்டார் கட்டுரையாளர். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து விளையாடும்போது மேசைக்கடியில் போனைப் பார்த்தால் அது பிட்தான், மறுக்கவில்லை. ஆனால் விளையாட உட்காருவதற்கு முன்னால் பட்டியலைப் படிப்பது பயிற்சி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது சரியில்லை.

இந்த மாதிரிச் சொல் விளையாட்டுகளின் அடிப்படையே எழுத்துக் கணக்கும் பட்டியலும்தான். 1930-களில், அமெரிக்கப் பொருளாதார மந்தத்தில் வேலை போன கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஸ்க்ராபிள், அந்தக் கணக்கில் உருவானதுதான். மொத்தம் 100 காய். அதில் ஈ மட்டும் 12, ஏ, ஐ தலா 9. க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான், ஆனால் புள்ளி 10. எஸ் ஆங்கிலத்தில் அத்தனை அடிக்கடி வந்தும் நான்கே காய்தான். அள்ளிக் கொடுத்தால் எல்லாரும் கண்ட சொல்லின் வாலிலும் ஓர் எஸ்ஸை ஒட்டிப் புள்ளியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே! பட்ஸ் எண்ணிய நாளிதழ்களில் ஒன்று நியூயார்க் டைம்ஸ். அதே நியூயார்க் டைம்ஸ்தான் 2022 ஜனவரியில் வேர்டிலை விலைக்கு வாங்கியது.

வேர்டில் கதையும் அப்படித்தான். ஜோஷ் வார்டில் இதை உருவாக்கியபோது கையில் இருந்த ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000. அவருடைய இணையர் பலக் ஷா அவற்றில் தெரிந்த சொல், தெரியாத சொல் என்று பிரித்து, விடையாக வரத் தக்கவற்றைச் சுமார் 2,300 ஆகக் குறைத்தார். ஆட்டத்தைச் செய்தவர்களே பட்டியலோடு மல்லுக்கட்டியிருக்கும்போது ஆடுகிறவர் மட்டும் அதைத் தொடக்கூடாது என்பது என்ன நியாயம்?

ஸ்க்ராபிளைப் போட்டிக்கு ஆடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டெழுத்துச் சொற்கள் 120-க்கும் மேல், அத்தனையும் அவர்களுக்கு மனப்பாடம். அப்புறம் யூ இல்லாத க்யூ சொற்கள். கையில் க்யூ மாட்டிக்கொண்டு யூ வராமல் தவித்தவர்களுக்குத்தான் அந்தப் பட்டியலின் அருமை தெரியும். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசவே வராது. சில வாரங்கள் சொற்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். 2024-இல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். இதைக் காப்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த க்யூ பட்டியலில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஃபக்கீர், நிகாப், தலாக், கிப்லா (தொழுகைத் திசை) நான்கும் ஆங்கிலத்தில் யூ இல்லாமல் க்யூ போட்டு எழுதும் ஐந்தெழுத்துச் சொற்கள். முஸ்லிம்கள் நிறைந்த கீழக்கரையிலும் மேலப்பாளையத்திலும் இவற்றைப் புத்தகம் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை.

வேர்டிலில் பட்டியல் எப்படி உதவும் என்று கட்டுரையாளர் யோசித்த மாதிரியே தெரியவில்லை. போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், சொல்லிலேயே இல்லாவிட்டால் சாம்பல். ஐ, ஜி, எச், டி நான்கும் பச்சையாகி, முதல் எழுத்து மட்டும் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் தோன்றும். ஆனால் ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், எயிட் என்று எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், இருப்பதோ மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவர் தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். பட்டியலை மனதில் வைத்திருப்பவர் 'ஃபிலிம்ஸ்' என்று போடுவார், அது விடையாகாது என்று தெரிந்தே போடுவார். எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே அடியில் சோதனைக்கு வந்துவிடும். அவற்றில் ஒன்று நிறம் மாறினால் வேலை முடிந்தது. மாறாவிட்டால் அடுத்து 'இன்னர்'. என், ஈ, ஆர் மூன்றில் எது நிறம் மாறுகிறதோ அதில் தொடங்குவதுதான் விடை. மூன்றும் சாம்பலாகவே நின்றால் டைட். மூன்றாவது வாய்ப்பில் விடையைத் தைரியமாகப் போடலாம். (கண்டுபிடித்த எழுத்தை அடுத்த சொல்லிலும் வைத்தே தீர வேண்டும் என்கிற ஹார்ட் மோடில் இந்த வித்தை பலிக்காது. அங்கே மாட்டினால் முருகன் விட்ட வழி.)

தனியாக ஆடுகிறவர் ஆட்டத்தின் நடுவிலேயே பட்டியலைப் பார்த்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பார்த்துவிட்டு, 'இரண்டே வரியில் முடித்தேன்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பச்சைக் கட்டம் போடுகிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் குழுவிலும் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், உங்கள் இதழை அவரும் வாங்குகிறார்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையின் கீழே பெட்டி கட்டிக் கொடுத்திருந்த சொற்களை அகரவரிசையில் அடுக்கியிருந்தீர்கள். அகராதிக்கு அது சரி, ஆடுகிறவருக்கு உதவாது. சிக்கல் வருவது சொல்லின் பின்பாதி ஒன்றாக இருக்கும்போதுதான். பவுண்ட், ரவுண்ட், சவுண்ட், ஹவுண்ட் போல ஒரே முடிவு உள்ளவற்றை ஒரு கொத்தாகப் போடுங்கள். யூ இல்லாத க்யூ சொற்களுக்குத் தனிக் கொத்து. இடம் போதாது என்றால் ராசிபலனில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி