"மீதியை நீங்களே படிச்சுக்கோங்க" என்று சொல்வதற்கு முன்

அன்புள்ள மேடம்,

வணக்கம். இந்த ஆண்டு முதலாமாண்டுக்கு இன்ஜினியரிங் பிசிக்ஸ் எடுக்கிறீர்கள். ஐந்து யூனிட்டை முடிக்கும் அவசரத்தில் "மீதியை நீங்களே படிச்சுக்கோங்க" என்று சொல்லத்தான் வேண்டியிருக்கும். அந்த வார்த்தை எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழாது.

அக்காவோ அண்ணனோ இன்ஜினியரிங் படித்த வீட்டுப் பிள்ளைக்கு, சிலபஸை வைத்துக்கொண்டு லைப்ரரியில் புத்தகம் தேடத் தெரியும். ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ச் சந்தேகம் கேட்கலாம் என்பதும் தெரியும். முதல் பட்டதாரிச் சான்றிதழோடு வந்த பிள்ளைக்கு வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லை. பிளஸ் டூ வரை பாடத்துக்குப் பின்னாலேயே கேள்விகள் இருந்தன. இங்கே சிலபஸில் யூனிட்டுக்கு ஒரு பத்திதான். சீனியரின் ஜெராக்ஸ் நோட்ஸைத் தேடி ஓடுவதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வழிகாட்டி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்வழி மாணவர்களின் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' என்று போர்டில் எழுதியதும் மிரள்வார்கள். அதையே பதினொன்றாம் வகுப்பில் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று படித்துக் கணக்கும் போட்டவர்கள்தான். அகராதியைப் புரட்டினால் 'மொமென்ட்' என்பதற்குக் 'கணம்' என்று போட்டிருக்கும், குழப்பம் கூடும். அதனால் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகளை அருகருகே வைத்து, யூனிட்டுக்கு இருபது சொற்களை அவர்களையே எழுதவையுங்கள்.

அடுத்து, சிலபஸின் ஒரு வரியைக் கேள்விகளாக உடைத்துக் காட்டுங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு வரையறை, பதின்மூன்று மதிப்பெண்ணுக்கு நிரூபணம். இணையச்சுத் தேற்றத்தை நீங்கள் செய்து காட்டினால், செங்குத்து அச்சுத் தேற்றத்தை அவர்கள் செய்யட்டும்.

தானாகப் படிப்பது என்றால் தனியாகப் படிப்பது என்று ஆகிவிடக் கூடாது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸில் பின்தங்கிய கறுப்பின மாணவர்களை, கணிதம் கற்பித்த யூரி டிரைஸ்மன் கவனித்தார். அக்கறையில் அவர்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் தனியாகவே படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள். டிரைஸ்மன் குழுக்களை அமைத்து, கடினமான கணக்குகளையே கொடுத்தார். நம் கல்லூரிகளில் 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று பிரித்து எளிய கணக்கைக் கொடுப்பது இதற்கு நேர் எதிர்.

நான்கு பேர் குழு போதும். கல்லூரி நேரத்துக்குள்ளேயே வையுங்கள். மாலை பஸ்ஸைப் பிடிப்பவர்கள் அதற்கு மேல் இருக்க முடியாது. ஆங்கிலம் சரளமாக வருபவரே பேனாவைப் பிடித்துக்கொள்ள, மற்ற மூவரும் காப்பியடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. எழுதுகிற வேலையை, எங்கே புரியவில்லை என்று சொன்னவரிடம் கொடுங்கள். "டவுட் இருந்தா வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். நாளுக்கு இரண்டு பெயர், மதியம் பத்து நிமிடம் என்று நீங்களே குறித்துக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்த ஆசிரியர்கள்