‘மூன்றிலும் அரைகுறை’ என்று சொன்ன அக்காவுக்கு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். சென்ற மார்கழியில் மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் நீங்கள் பாடிக்காட்டிப் பேசி முடித்ததும், முன்வரிசையில் இருந்த இளம்பெண் ஒருத்தி எழுந்து, “நீங்கள் பத்திரிகையாளரா, உடல்நலம் பற்றிச் சொல்லித் தருபவரா, பாடகியா? உங்களை யாரென்று அறிமுகம் செய்வது?” என்று கேட்டாள். தம்புராவை உறைக்குள் இறக்கிக்கொண்டே நீங்கள், “மூன்றிலும் அரைகுறை என்று எழுதிக்கொள் அம்மா, சரியாக இருக்கும்” என்றீர்கள். அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு லஸ் முனையில் பேருந்துக்காக நின்றபோது அந்தச் சிரிப்பு எனக்கே கசந்தது. ஏனென்றால் அதே சொல்லை முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் உங்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களில் நானும் ஒருவன். தேநீர்க் கடையில் பத்துப் பேர் கேட்கச் சொன்னதைத் தனிக் கடிதத்தில் திரும்பப் பெறுவது நியாயமாகாது என்பதால், எல்லோரும் படிக்கும்படியாகவே இதை எழுதுகிறேன்.

1994-இல் நீங்கள் வேலை பார்த்த நாளிதழில் நான் பயிற்சி உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது நீங்கள் மாநகராட்சிச் செய்திகளையும் அரசு மருத்துவமனைச் செய்திகளையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறு ஆண்டே ஞாயிறு இணைப்பிதழுக்கு மாறினீர்கள். அதற்கடுத்து, காலை வேளையில் யோகம் கற்கப் போகவேண்டும் என்று சொல்லி, எல்லோரும் தப்பிக்கப் பார்க்கும் இரவுப் பணியை வலியக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். செய்திப் பிரிவில் படிப்படியாக மேலேறி ஆசிரியர் நாற்காலி வரை போயிருக்கக்கூடிய ஒருவர் இப்படிக் கிளைக்குக் கிளை தாவுவது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. “அந்த அம்மா எதிலும் காலூன்ற மாட்டார்” என்று தீர்ப்புச் சொன்னோம். எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று. அந்த வயதில் தீர்ப்புக்குப் பஞ்சமில்லை.

என் தீர்ப்பு மாறிய நாளை நீங்கள் மறந்திருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெந்தயத்தையும் ஆவாரம்பூவையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நீங்கள் எழுதிய கட்டுரை இணைப்பிதழில் பக்கமாகிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை இரவு, பக்கம் முடியும் நேரத்தில், கால் பக்க விளம்பரம் ஒன்று வந்து சேர்ந்தது. அப்போதெல்லாம் கணினியில் கோத்த மேட்டரைப் புரோமைடு தாளில் எடுத்து, பக்கத் தாளில் ஒட்டுவார்கள். இடம் போதவில்லையென்றால் பிளேடால் அடியிலிருந்து நறுக்குவார்கள். முக்கியமானது மேலே, முக்கியம் குறைந்தது கீழே, ஆகவே வெட்டுவதானால் வாலை வெட்டு என்பது எனக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடம். நான் கடைசிப் பதினொரு வரிகளை வெட்டினேன். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் எக்காரணம் கொண்டும் அதை நிறுத்தக்கூடாது என்றும், மருத்துவரிடம் சொல்லாமல் இவற்றைக் கூடச் சேர்த்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரக்கூடும் என்றும் நீங்கள் எழுதியிருந்தது அந்தப் பதினொரு வரிகளில்தான்.

மூன்று வாரம் கழித்து வியாசர்பாடியிலிருந்து ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. மனைவி மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ கஷாயம் மட்டும் குடித்ததாகவும், காலில் இருந்த புண் ஆறாமல் பெரிதாகி மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், “உங்கள் பேப்பரில் போட்டதைத்தான் செய்தோம்” என்றும் கணவர் எழுதியிருந்தார். நீங்கள் அதைப் படித்துவிட்டு என் மேசையில் வைத்தீர்கள். நான் வசவுக்குக் காத்திருந்தேன். “கிளம்பு, பார்த்துவிட்டு வரலாம்” என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த வார்டில் நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள், அக்கா. பையிலிருந்து குறிப்பேட்டை எடுக்கவே இல்லை. வெட்டியது யார் என்று சொல்லவில்லை. “தவறு எங்களுடையது” என்றீர்கள், அவ்வளவுதான். பிறகு அந்த அம்மாவிடம் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், முதலில் என்ன சாப்பிடுவார், வீட்டில் யார் சமைப்பது, தண்ணீர் லாரிக்கு எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், செருப்பு போடுவாரா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டீர்கள். மாத்திரையை நிறுத்தியதற்குக் கட்டுரை பாதிக் காரணம்தான் என்பதும், மாதக் கடைசியில் மாத்திரை வாங்கப் பணமில்லாததால் பூ கஷாயம் வசதியாகப் பட்டது என்பதும் அந்தக் கேள்விகளில்தான் வெளிவந்தன. அரசு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், எந்தக் கிழமை எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்று நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தீர்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தபோது நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். அதன்பிறகு உங்கள் உடல்நலக் கட்டுரை எதிலும் எச்சரிக்கை கடைசியில் வந்ததில்லை. இரண்டாம் பத்தியிலேயே வந்துவிடும். வாலை வெட்டும் பயல்கள் எப்போதும் இருப்பார்கள் என்று நீங்கள் கண்டுகொண்டுவிட்டீர்கள்.

உங்களை ‘இயற்கை வைத்தியர்’ என்று அழைப்பவர்களை நீங்கள் உடனே திருத்துவது இதனால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒருவருக்கும் மருந்து கொடுத்ததில்லை. 1976-இல் யோக ஆசிரியர் தேசிகாச்சார் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைப் பற்றி எழுதியபோது, ஒரே ஆசனத்தை எல்லோருக்கும் திணிக்காமல் வந்திருக்கும் ஆளின் வயது, மூச்சு, வேலை பார்த்துப் பயிற்சி அமைக்கும் வழிதான் உங்களைப் பிடித்திழுத்தது. சித்த மருத்துவத்தைப் பற்றி எழுதத் தொடங்கியபோதும், பதினெண் சித்தர்களின் அற்புதங்களை விட்டுவிட்டு, நோயை அறிய வைத்தியர் பார்க்கும் எண்வகைத் தேர்வைத்தான் நான்கு வாரத் தொடராக எழுதினீர்கள். நாடி, தொடு உணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர். அந்த எட்டில் ‘மொழி’ என்பது நோயாளி பேசும் குரல் என்று நீங்கள் விளக்கிய பத்தி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. குரல் கம்மியிருக்கிறதா, ஓங்கியிருக்கிறதா, இழுக்கிறதா என்று காதால் கேட்டே ஒரு வைத்தியர் பாதி அறிந்துகொள்வார் என்று எழுதியிருந்தீர்கள். அப்போதே உங்கள் காது இசைப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் யாருக்கும் வக்காலத்து வாங்கவும் இல்லை. ‘நாற்பத்தெட்டு நாளில் சர்க்கரைக்கு விடுதலை’ என்ற விளம்பரம் வந்தபோது, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் நகலை எடுத்துக்கொண்டு விளம்பரப் பிரிவுக்கு மாடியேறிப் போனீர்கள். குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவும் புற்றுநோயும் இருப்பதை அடிக்கோடிட்டு வைத்திருந்தீர்கள். அந்த மாதம் உங்களுக்கு அங்கே நல்ல பெயர் கிடைக்கவில்லை. 2012-இல் டெங்கு பரவி அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்த காலத்தில், அது நிலவேம்பு மட்டும் என்று ஊரே நினைத்தபோது, நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கையும் கைப்பட எழுதிக்கொண்டு ராசப்ப செட்டித் தெருவில் கடை கடையாக ஏறி விசாரித்தீர்கள். மழை பெய்து சேறாகிக் கிடந்த அந்தத் தெருவில் உங்கள் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தவன் நான். குடிநீர் குடித்தாலும் காய்ச்சல்காரருக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்பது, வழக்கம்போல, இரண்டாம் பத்தியில் இருந்தது.

இனி இசை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசையில் தொடங்குவதை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு இசை மாநாடும் கூடி, மறு ஆண்டே மியூசிக் அகாடமி பிறந்து, மார்கழி வந்தால் கேண்டீன் பொங்கலின் தரத்துக்குக்கூட விமர்சனம் எழுதும் ஊர் இது. ஐந்து வயதில் தொடங்காதவருக்கு இங்கே மேடைப் பக்கம் என்ன வேலை என்பார்கள். நீங்கள் மேடையைத் தேடவில்லை. மந்தைவெளியில் உங்கள் ஆசிரியை வீட்டுக் கூடத்தில் எட்டுச் சிறுமிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவர்களுக்கு முன்னால் தவறாகப் பாடித் திருத்தப்பட்டீர்கள். ஒருநாள் உங்களைப் பார்க்க அங்கே வந்தபோது நீங்கள் பாடிக்கொண்டிருக்கவில்லை. தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரைமேல், தந்திக்கு அடியில், ஜீவா நூலை நகர்த்திக்கொண்டிருந்தீர்கள். ஒரு பருத்தி நூல், தையல் நூலைவிடச் சற்றுத் தடிப்பு. ஓரிடத்தில் வைத்தால் தந்தி வெறுமனே ‘டங்’ என்றது. ஒரு மயிரிழை தள்ளினால் ரீங்காரம் விரிந்து கூடத்தை நிறைத்தது. இன்னும் ஒரு மயிரிழை தள்ளினால் மறுபடி செத்தது. பஞ்சமத் தந்திக்கு ஒரு கால் மணி, சாரணைத் தந்திக்கு ஒரு கால் மணி என்று நீங்கள் அதிலேயே ஆழ்ந்திருந்ததைப் பார்த்து எனக்குப் பொறுமை போயிற்று. “பாட்டு எப்போது தொடங்கும்?” என்று கேட்டேன். “இது சரியாகக் கேட்காதவளுக்குப் பாட்டு எதற்கு?” என்றீர்கள்.

பண்பலை வானொலிக்காரர்கள் உங்களை அழைத்து, எந்த நோய்க்கு எந்த ராகம் என்று பட்டியல் கேட்டதையும் சொல்லவேண்டும். யோகமும் தெரியும், மருத்துவமும் எழுதியிருக்கிறார், பாட்டும் வரும் என்றால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கூட்டம் சேர்க்க அதைவிட எளிய வழியும் கிடையாது. “நீலாம்பரி கேட்டால் தூக்கம் வருமா?” என்றதற்கு, “பாடுகிறவரைப் பொறுத்தது, சிலர் எந்த ராகம் பாடினாலும் வரும்” என்றீர்கள். அதற்குப் பிறகு சொன்னதைத்தான் நான் குறித்து வைத்தேன்: ஒரு சுவரத்தைக் கார்வை கொடுத்து, அதாவது நீட்டி நிறுத்திப் பாடும்போது வெளிமூச்சு தானாக நீள்கிறது, மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு மெதுவானால் இதயத்துடிப்பு மூச்சோடு ஏறி இறங்கி இசைந்துபோகிறது, மனம் அடங்குகிறது, அது பாடுகிறவருக்குக் கிடைக்கும் நன்மை, அதை வைத்து ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கால் பக்க விளம்பரத்துக்காக யாரும் வெட்ட முடியாதபடி நேரடி ஒலிபரப்பில் அதைச் சொன்னபோது, உங்கள் குரலில் கொஞ்சம் குறும்பு இருந்ததாக எனக்குப் பட்டது.

அரைகுறை என்ற சொல்லுக்கு என் மறுப்பை ஒருவரைக் காட்டிச் சொல்கிறேன். ஆபிரகாம் பண்டிதர் பள்ளி ஆசிரியராக இருந்தார். அதை விட்டுச் சித்த மருத்துவத்தில் இறங்கினார். மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தில் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். ஒரு ஸ்தாயிக்குள், அதாவது கீழ் ‘ஸ’ முதல் மேல் ‘ஸ’ வரை, இருபத்திரண்டு சுருதி என்ற நுண்ணிய ஒலிநிலைகள் உண்டு என்ற கொள்கையை மறுத்து இருபத்துநான்கு என்று வாதிட்டார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நூலை வெளியிட்டார். அவருடைய முடிவுகளோடு இன்றும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஆனால் வைத்தியர் எதற்குச் சுருதி எண்ணினார் என்று கேட்டு அவரை அரைகுறை என்று தள்ளியவர் யாரும் நினைவில் நிற்கவில்லை. எழுத்தும் இசையும் ஒட்டாது என்பாருக்கு, விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதிய கல்கியே போதும்.

நம் மொழியில் ‘கேள்வி’ என்றால் வினா. செவியால் கேட்டு அறிவதும் கேள்விதான். ஏட்டைப் பார்க்காமல் காதால் கேட்டே பாட்டுப் பழகியவருக்குக் கேள்வி ஞானம் உண்டு என்கிறோம். வியாசர்பாடி அம்மாவின் கட்டிலருகே நீங்கள் இரண்டு மணி நேரம் செய்ததும், ஜீவா நூலோடு அரை மணி நேரம் செய்ததும் எனக்கு வேறு வேறு வேலையாகத் தெரியவில்லை. அன்று அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

எனக்கு உங்கள்மேல் ஒரு மனக்குறையும் உண்டு. ஆறு ஆண்டுகளாக நீங்கள் எதுவும் எழுதவில்லை. கேட்டால் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் நாற்பது சொச்சம் குறிப்பேடுகளில் மருத்துவமனை வார்டுகளும் மூலிகை வியாபாரிகளும் உங்கள் ஆசிரியை சொன்ன திருத்தங்களும் கலந்து கிடக்கின்றன. சென்ற வெள்ளத்தில் கீழ்த்தட்டு நனைந்து மூன்று குறிப்பேடுகள் கூழாகிவிட்டன என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. என் பணி ஓய்வுக்கு இன்னும் அதிக காலமில்லை, தட்டச்சு வேகமாக வரும், பிழை திருத்தவும் தெரியும். நீங்கள் வாசித்தால் போதும், நான் அடித்துக்கொள்கிறேன். எங்கேயும் வெட்டமாட்டேன் என்று எழுதியே தருகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். தம்புராவில் மந்தரத் தந்தி அறுந்துவிட்டதாகச் சொன்னீர்கள். வரும்போது மயிலாப்பூரில் வாங்கி வருகிறேன். பரணில் நீங்கள் ஏறவேண்டாம், ஏணியை மட்டும் எடுத்து வையுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய உதவி ஆசிரியன்
சென்னை